மூடிகளால் கட்டிய கோட்டை

அபிராமபுரம்,
சென்னை.
ஞாயிறு மாலை

அன்பு மகள் டீனாவுக்கு,

மம்மி எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் டாடியும் ஃப்ரெடியும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஆஸ்டினும் அந்த டனீடின் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன். வாரம் மூன்று தடவை வீடியோவில் பார்க்கிற பெண்ணுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் சமையலறையில் பேசினால் ஃப்ரெடியின் ரூமுக்குக் கேட்கும், அவனைப் பற்றி அவன் காதுபட எனக்குப் பேச வராது. ஜொவிட்டா டீச்சரின் மகன் புதன்கிழமை நியூசிலாந்து கிளம்புகிறான், ரசப்பொடியும் சுண்டை வற்றலும் அவனிடம் கொடுக்கிறேன், அதோடு இதையும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தனியாக இருக்கும்போது படி.

டாடிக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, சர்க்கரை மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காலையில் பூசைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர் மெட்ரோ வேலைக்காகத் தெருவைத் தோண்டி வைத்ததிலிருந்து ஆட்டோவில்தான் போகிறார், அதற்கும் ஆட்டோக்காரரோடு தினம் ஒரு வாக்குவாதம். மேல் வீட்டுப் பங்கஜம் மாமி பேரப்பிள்ளையைப் பார்க்க பெங்களூர் போயிருக்கிறார், அவர் துளசிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். விபூதிப் புதன் கழிந்த வாரம் நம் பழைய ஃபிரிட்ஜ் ஒரேயடியாக நின்றுபோய், புதுசு வாங்கினோம் என்று சொன்னேன் அல்லவா? நான் சொல்ல வந்த விஷயம் அந்த ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில்தான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்னால் பழையதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். விபத்து நடந்தபோது நீ ஓடி வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னோடு உட்கார்ந்திருந்தாய், உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதாமல் மேலே போகக் கை வரவில்லை. பாலவாக்கம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே மாடு வந்தது, பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கியது. ஓட்டியவன் நம் பிள்ளை. பின்னால் உட்கார்ந்திருந்தது ஹபீபுர் ரஹ்மான். நம் பிள்ளைக்குக் காலில் தகடு வைத்தார்கள். அந்தப் பிள்ளை அங்கேயே போய்விட்டான். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஹெல்மெட், அது நம் பிள்ளையின் தலையில் இருந்தது. நீ திரும்பிப் போன பிறகு நானும் டாடியும் இரண்டு தடவை கே.கே. நகருக்குப் போனோம். ஹபீபின் அப்பா அப்துல் சமத் பாய் கதவைப் பாதி திறந்து நின்றபடியே, "வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்ல, அப்புறம் பார்ப்போம்" என்று இரண்டு தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை போக எங்களுக்குத் தைரியம் இல்லை. ஃப்ரெடி வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தான், சாப்பிட்டான், தூங்கினான். அவன் வாயிலிருந்து ஹபீப் என்ற பெயர் மட்டும் வரவே இல்லை. நீ காலேஜ் படிக்கும்போதே ஃப்ரெடி, ஹபீப், மயிலாப்பூர் சந்திரமௌலி மூவரும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனி அளவுச் சிப்பாய்களை நிறுத்தி, டேப் வைத்து அளந்து, ஆறு முகக் கட்டை உருட்டிச் சண்டை போடுவார்களே, அந்தச் சிப்பாய்களை எல்லாம் பெட்டியில் போட்டு லாஃப்டில் ஏற்றிவிட்டான்.

ஃபிரிட்ஜோடு வந்த தெர்மோகோலை வெளியே போடப் போனேன். "மம்மி, அத எனக்குக் குடு" என்றான். எதற்கு என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன், அவன் ஒன்றை வேண்டுமென்று கேட்டே வெகு காலம் ஆகியிருந்தது. மறுநாள் முதல் வேலை முடிந்ததும் கட்டரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தான். ரூம் முழுக்க வெள்ளைப் பொடி, பெருக்கினால் துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு காற்றில் பறக்கிறது. டாடிதான் மெல்ல விசாரித்தார். நாலு கால் வைத்து நடக்கிற கோட்டையாம், உச்சியில் பீரங்கி, உள்ளே சிப்பாய்கள். அந்த விளையாட்டுக்கான பெரிய பொம்மைகளைக் கடையில் வாங்கப் போனால் ஒரு ஃபிரிட்ஜுக்குக் கொடுக்கிற காசு ஆகுமாம். இருபத்தேழு வயதில் இது என்ன பொம்மை என்று டாடி என்னிடம் வந்து முணுமுணுத்தார், அவனிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் அறுத்து ஒட்டி, சுவரும் படியும் எழும்பியபின் பால்கனியில் செய்தித்தாள் விரித்துக் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தான். அடித்த இடமெல்லாம் வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் போல் குழிந்து சுருங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் கரைந்து போய்விட்டது. கத்துவான் என்று ஓடினேன். அவன் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு, "ஹபீப் சொல்லிருக்கான் மம்மி. தெர்மோகோல் மேல நேரா ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, ஃபெவிகால் பூசிக் காய விட்டுதான் அடிக்கணும்னு. மறந்துட்டேன்" என்றான். அந்தப் பெயர் நம் வீட்டில் அப்படித்தான் திரும்பக் கேட்டது, டீனா. நான் துணி எடுக்கிற மாதிரி கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் அதன் மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டான், அதோடு அந்த வேலையும் நின்றது.

இந்த வருடம் நம் தவக்காலமும் அவர்கள் ரம்ஜான் நோன்பும் சேர்ந்தாற்போல் வந்தன. மௌலி ஒருவன்தான் ஹபீபின் வீட்டுக்குப் போக்குவரத்து வைத்திருந்தவன், பெருநாளன்று போனவன் பேச்சுவாக்கில் ஃப்ரெடி மறுபடி ஏதோ கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான் என்று ஹபீபின் அம்மா ஷகீலாவிடம் சொல்லியிருக்கிறான். ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை வாசலில் பெல் அடித்தது. திறந்தால் ஷகீலாம்மா நிற்கிறார், இரண்டு கையிலும் தி. நகர் துணிக்கடைக் கட்டைப் பைகள். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். "உள்ள வரலாமா டீச்சர்?" என்று அவரே கேட்டார். மேசையில் பைகளைக் கவிழ்த்தார். ஐஸ்கிரீம் டப்பா டப்பாவாக, உள்ளே எல்லாம் மூடிகள். சென்ட் பாட்டில் மூடி, ஷாம்பு மூடி, பேஸ்ட் மூடி, மை தீர்ந்த பேனாக் கூடுகள், உடைந்த மவுஸ், தையல் மெஷின் பாபின், வாஷிங் மெஷின் திருகு. ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து, அளவு வாரியாகப் பிரித்து வைத்திருந்தது. "இத்தினியும் கட்டிலுக்கு அடியில சேத்து வெச்சிருந்தான் டீச்சர். குப்ப பொறுக்கி, எலி வரும்டான்னு திட்டிக்கினே இருப்பேன். இப்போ தெருவுல பழைய பேப்பர்காரன் குரல் கேட்டா கதவ சாத்திக்கிறேன். இதெல்லாம் இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியணும். மௌலியக் கேட்டா ஃப்ரெடிக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டான்" என்றார்.

ஃப்ரெடி ரூம் கதவைத் திறந்து வந்து நின்றான். இரண்டு வருடம் கழித்து ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஷகீலாம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "கால் எப்படிக் கீது?" "பரவால்ல ஆண்ட்டி." அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஒரு மூடியை அவன் பக்கம் தள்ளினார். அவன் எடுத்துப் பார்த்து, "இது பாய்லர் ஆண்ட்டி, கோட்டையோட பின்பக்கம் வரும்" என்றான். இன்னொன்று. "இது பீரங்கியோட வாய்." பாபின், சங்கிலியை இழுக்கிற சக்கரம். மவுஸ், கேப்டன் உட்காரும் கூண்டின் கூரை. ஹபீப் இதையெல்லாம் இவனிடம் எப்போது சொன்னானோ, இல்லை சொல்லாமலே தெரிந்ததோ, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போனான், அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நீல நிறத்தில் வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்தது, ஏதோ வாட்டர் பாட்டில் கைப்பிடி போல. அதை அவன் இப்படியும் அப்படியும் திருப்பி, "இது எதுக்குன்னு தெரியல ஆண்ட்டி" என்றான். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். அந்தத் துண்டை மட்டும் திருப்பி வாங்கித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

நான் டீ போட எழுந்தேன். ஃப்ரெடி திடீரென்று, "ஆண்ட்டி, ஹெல்மெட் எங்கிட்டதான் இருந்துச்சு. நான் அவன்கிட்ட குடுக்கல. போட்டுக்கோன்னு கேக்கக்கூட இல்ல" என்றான். டாடி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். ஷகீலாம்மா மேசையில் கிடந்த மூடிகளை ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டார். பிறகு சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "தெரியும்ப்பா. போலீஸ்காரங்க அன்னிக்கே சொன்னாங்க. உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்கு நான் வரல. கோவம் கீது. காலைல எந்திரிச்சா அதான் மொதல்ல எந்திரிக்குது. ஆனா எங்க வூட்ல அவன் பேர எடுத்தா அவர் எந்திரிச்சிப் போயிடறார். சொந்தக்காரங்க பேச்ச மாத்துறாங்க. அவனப் பத்திப் பேச உன்ன வுட்டா எனக்கு இன்னொரு ஆள் இல்ல." சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். போகும்போது மூலையில் பேப்பர் போட்டு மூடியிருந்ததைக் காட்டி, "அத மறுபடி கட்டு, அடுத்த சனிக்கெழம வரேன்" என்றார். அவர் போன பிறகு நம் பிள்ளை கையை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினான். பக்கத்தில் போகப் பார்த்த டாடியை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சொன்னபடி சனிக்கிழமை தோறும் வந்தார். இந்தத் தடவை ஃப்ரெடி தெர்மோகோலை நம்பவில்லை. ஸ்டேஷனரிக் கடையில் சன்போர்டு வாங்கி வந்தான், நாடக செட்டுக்கு வெட்டுவார்களே அது, சுவர் எல்லாம் அதில்தான், உள்ளே அடைக்க மட்டும் தெர்மோகோல், அதன் மேலும் ஃபெவிகால் பூசிய பேப்பர். கால்களுக்கு பிளம்பர் விட்டுப் போன பிவிசி பைப். பாதங்களுக்குப் பிரியாணி வாங்கி வருகிற வட்ட டப்பா. மேலே கனம் ஏற ஏறக் கால்கள் வெளியே அகன்று இரண்டு தடவை மொத்தமாகக் குப்புற விழுந்தது. டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு எம்-சீல் வைத்து அடைத்த பிறகுதான் நின்றது. டாடியின் காலியான இன்சுலின் பேனாக்கள் எல்லாம் அதன் முட்டிகளாகிவிட்டன. என் முட்டியும் அதன் முட்டியும் ஒரே மருந்தில் ஓடுகிறது என்று டாடி சொன்னதற்கு ஃப்ரெடி சிரித்தான். இரும்புத் தகட்டில் ஆணித் தலை தெரிகிற மாதிரி இருக்க என்ன ஒட்டினார்கள் என்று நினைக்கிறாய்? ஜவ்வரிசி. அதை வரிசை பிசகாமல் ஒட்டுவது ஷகீலாம்மாவின் வேலை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊசி நுனியில் ஃபெவிகால் தொட்டு ஒட்டிக்கொண்டே பேசுவார். ஹபீப் ஸ்கூலில் முதல் நாள் வாட்ச்மேன் மடியில் ஏறித் தூங்கியது, மாமன் கல்யாணத்தில் ஷேர்வானிப் பையில் கபாபை ஒளித்து வைத்தது, பெரிய படிப்புக்கு வெளியூர் போகமாட்டேன் என்று மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஃப்ரெடி அவருக்குத் தெரியாத ஹபீபைச் சொல்வான், தோற்கிற ஆட்டத்தில் கடைசிச் சிப்பாய்க்குப் பாட்டு பாடுவான் என்பதை எல்லாம். எல்லா வாரமும் இப்படி என்று நினைத்துவிடாதே. ஒரு சனிக்கிழமை ஃப்ரெடி சாதாரணமாக ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டான். அந்த அம்மா ஊசியை வைத்துவிட்டு எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். அடுத்த வாரம் வரமாட்டார் என்றே நினைத்தோம். வந்தார். விட்ட இடத்திலிருந்து ஜவ்வரிசியை ஒட்டினார்.

எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன் என்று அவர் சமையலறையில் ஒரு நாள் என்னிடம் சொன்னார். சமத் பாய்க்குத் தி. நகரில் திரைச்சீலைக் கடை, சனிக்கிழமை கூட்டம், அதனால் அவருக்குத் தெரியாது. இப்படி மறைத்து வரவேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் கோபித்துக்கொண்டால் அதையும் நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று சொன்னேன். யோசித்துக்கொண்டே போனார், வீட்டில் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வந்து அரைமணி இருக்கும், மறுபடி பெல். சமத் பாய். கடையில் போடுகிற அதே வெள்ளைச் சட்டை, கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். ஃப்ரெடி சுவரோடு ஒட்டி நின்றான். டாடி "வாங்க பாய்" என்று நாற்காலியை இழுத்தார், அவர் உட்காரவில்லை. மேசையில் அது நிற்கிறது, குக்கர் மேல் குக்கர் வைத்தால் வருகிற உயரம், பெயின்ட் அடிக்காததால் நூறு நிறத்தில் மூடி மூடியாகத் தெரிகிறது. சுற்றி வந்து பார்த்தார். ஒரு சென்ட் மூடியின் மேல் விரலை வைத்து, "இது நம்ம புள்ள அடிச்சிக்கிற சென்ட்டு" என்று மனைவியிடம் சொன்னார். ஷகீலாம்மா, "எல்லாம் அவன் சேத்ததுதான்" என்றார். இன்னொரு தடவை சுற்றி வந்தார். "எப்ப முடியும்னு கேளு" என்றார், ஃப்ரெடி நாலு அடி தள்ளி நிற்கிறான், மனைவியைப் பார்த்துக் கேட்கிறார். ஃப்ரெடி அவரிடம் சொல்லாமல் ஷகீலாம்மாவிடமே, "பெயின்ட்தான் பாக்கி ஆண்ட்டி, ரெண்டு வாரம்" என்றான். "முடிஞ்சதும் நம்ம வூட்டுக்குக் கொண்டாரச் சொல்லு. அங்க வெச்சி ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் நீட்டின தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

கறுப்பு அடித்த பிறகு அதைப் பார்த்திருந்தால் மூடி என்றே சொல்லமாட்டாய். பிரஷ்ஷில் பெயின்ட்டைத் தொட்டு, பேப்பரில் துடைத்து, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் விளிம்பில் மட்டும் தேய்க்கிறான், தேய்ந்த இரும்பு மாதிரி மினுமினுக்கிறது. டீத்தூள் தண்ணீரும் பழுப்புப் பெயின்ட்டும் கலந்து வழியவிட்டால் துரு. நேற்று மத்தியானம் மௌலி அவன் அப்பா காரைக் கொண்டுவந்தான். பின்சீட்டில் ஃப்ரெடி அதை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டான், நானும் டாடியும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெருக்கி உட்கார்ந்தோம். அவர்கள் வீட்டு வாசலில் ஃப்ரெடியின் கால் படியேறவில்லை, தகடு வைத்த கால் மட்டும் அல்ல, இரண்டுமே. மௌலி பின்னால் நின்று, "ஏறுடா, நான் இருக்கேன்" என்றான். ஹாலில் மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி, மேலே சாம்பல் நிறத்தில் கனமான துணி விரித்து வைத்திருந்தார்கள், கடையிலிருந்து சமத் பாய் வெட்டிக் கொண்டுவந்தது. அவர் மட்டும் ஜன்னல் ஓரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

லாஃப்டிலிருந்து இறங்கிய சிப்பாய்களை நிறுத்தினார்கள். ஃப்ரெடி ஒரு பக்கம், மௌலி ஒரு பக்கம், கோட்டை ஹபீபின் பக்கம். ஹபீபுக்காக யார் ஆடுவது என்று யாரும் கேட்கவில்லை, மௌலி கட்டைகளை எடுத்து ஷகீலாம்மாவின் கையில் வைத்து, "நீங்க சும்மா உருட்டுங்கோ ஆண்ட்டி, கணக்கு நான் பாத்துக்கறேன்" என்றான். அவர் உள்ளங்கைக்குள் மூடி, ஏதோ ஓதி, உருட்டினார். நன்றாகவே விழுந்தது. கோட்டை நடந்தது, ஃப்ரெடியின் ஆட்களில் பாதிப் பேரைச் சாய்த்தது, அந்த அம்மாவுக்கு உற்சாகம் வந்து, "அந்தப் பக்கம் போ, அவன் பீரங்கிக்குக் கிட்ட போ" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பிறகு ஃப்ரெடியின் முறை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். அவன் வேண்டுமென்றே வேறு பக்கம் சுடப் போகிறான் என்று எனக்கே தெரிந்தது. ஷகீலாம்மா, "ஒழுங்கா ஆடு. எம் புள்ளைக்கு யாரும் வுட்டுக் குடுக்க வேணாம்" என்றார். உருட்டினான். ஆறும் ஆறுமாக விழுந்தது. மௌலி கணக்குப் போட்டுப் பார்த்து மெதுவாக, "கோட்டை போயிடுத்து ஆண்ட்டி" என்றான்.

அவர்கள் ஆட்ட முறைப்படி அதைப் பக்கவாட்டில் படுக்க வைக்கவேண்டுமாம். இத்தனை மாதம் விழாமல் இருக்கப் பாடுபட்டதை ஃப்ரெடியே இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாய்த்தான். ஷகீலாம்மா சாய்ந்து கிடந்ததையும் சுற்றி விழுந்து கிடந்த சிப்பாய்களையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த தபா ஆடும்போது இவங்கல்லாம் எந்திரிச்சி நிப்பாங்களாப்பா?" என்று கேட்டார். மௌலிதான், "ஆமா ஆண்ட்டி, எல்லாரும் நிப்பா. மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றான். "அப்ப நல்ல ஆட்டம்தான்" என்றார் அவர். டீனா, நான் எத்தனையோ துக்க வீட்டுக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஜெபம்கூட வரவில்லை.

பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. சமத் பாய் எழுந்து மேசைக்கு வந்தார். குனிந்து, சாய்ந்து கிடந்த சிப்பாய் ஒன்றை நிறுத்தினார், பிறகு இன்னொன்று, அந்தப் பெரிய விரல்களுக்கு அது பிடிபடவில்லை, இரண்டு தடவை நழுவியது. நிமிராமலே, "சனிக்கெழம வேணாம்ப்பா, கடையில கூட்டம். செவ்வாக்கெழம சாயங்காலம் வெச்சிக்கங்க. நானும் இருப்பேன்" என்றார். மனைவியிடம் சொல்லவில்லை. ஃப்ரெடியிடம் சொன்னார். ஃப்ரெடி, "சரி அங்கிள்" என்றான்.

கோட்டையை அங்கேயே, ஹபீபின் அலமாரி மேல் வைத்துவிட்டு வந்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, மகளே. சமத் பாய் இன்னும் ஃப்ரெடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, நாங்கள் கிளம்பும்போது கை கொடுக்கவும் இல்லை. ஃப்ரெடி இரவில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவது நிற்கவில்லை. வண்டி ஓட்டமாட்டேன் என்கிறான், ஓட்டவே வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இன்று பூசைக்கு எங்களோடு வந்தான். திரும்பும்போது செவ்வாய்க்கிழமை வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ள ஆபீஸில் கேட்டு மெசேஜ் போட்டுவிட்டதாக அவனாகவே சொன்னான். நீ அவனிடம் பேசும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, எப்படி இருக்கிறாய் என்று குரலை இறக்கியும் கேட்காதே. ஜவ்வரிசி ஒட்டியும் எறும்பு எப்படி வரவில்லை என்று கேள், அரைமணி நேரம் பேசுவான்.

ரசப்பொடி டப்பாவை ஈரக் கை படாமல் எடு, வற்றலை ஒரு தடவை வெயில் காட்டினால் போதும், அங்கே வெயில் என்று ஒன்று வந்தால். மாப்பிள்ளை இருமுவதாகச் சொன்னாயே, மிளகு தட்டிப் போட்டுப் பால் கொடு, டாக்டரையும் பார். ஷகீலாம்மாவின் நம்பரை உன் போனுக்கு அனுப்புகிறேன், தைரியம் வரும்போது ஒரு தடவை பேசு. அவர் உன்னை விசாரித்தார், ஹபீபுக்கு நீ கணக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் சொன்னார். மாதா உன் வாசற்படியைக் காக்கட்டும், போகிற வழியிலும் வருகிற வழியிலும் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். டாடி தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறார், முட்டிவலியை ரொம்ப எழுதிவிடாதே என்றும் சொல்கிறார்.

உன்னை ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் பெயர் சொல்லி வைக்கும்,
மம்மி
மர்சலின் அகஸ்டின்